ஒன்றும் மாட்டாத மீட்டரில் எண்கள் ஓடத்தான் செய்யும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூன்று வாரத்துக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் கிள்ளானிலிருந்து ஒரு தகப்பனார் எழுதிய கடிதத்தைப் படித்தேன். பொலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கும் மகனுக்காக 350 வெள்ளி கொடுத்துப் பழைய மேசை மல்டிமீட்டர் (வோல்டேஜ், கரண்ட், தடை மூன்றையும் அளக்கும் கருவி) ஒன்றை வாங்கினாராம். வீட்டில் போட்டுப் பார்த்தால், எதுவும் மாட்டாதபோதே எண்கள் தாறுமாறாக ஓடுகின்றன. கரண்ட் அளக்க வைத்தால் சைபரைத் தவிர வேறெதுவும் வருவதில்லை. பழுதுபார்க்கும் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "இது செத்துப்போச்சு, புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டார்களாம். பழைய சாமான் விற்கிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள், இதைக் குப்பையில்தான் போட வேண்டும் என்று முடித்திருந்தார். நீங்கள் அதற்கு வைத்த தலைப்பு, 'மாணவனை ஏமாற்றிய செத்த மீட்டர்'.

ஐயா, அந்த மீட்டர் செத்துவிட்டது என்று யார் அளந்து பார்த்தார்கள்?

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 33 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 1985 தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, செபராங் பிறை தோட்டத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி, பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறித் தீவில் இறங்கி, தொழிற்சாலை பஸ் பிடிப்போம். அந்த வருடம் செப்டம்பரில்தான் பாலம் திறந்தார்கள். அப்புறம் பஸ் தோட்டத்து வாசலுக்கே வந்தது. முதல் ஐந்து வருடம் ஆப்பரேட்டர். பிறகு கடைசி நாள் வரை டெஸ்ட் லைன். என் மகள் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இந்தக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, மீட்டர் என்று எழுதாதே, பன்மானி என்று எழுது என்கிறாள். 33 வருடம் மீட்டர் என்றே கூப்பிட்டுவிட்டேன். இனிமேல் பெயர் மாற்றினால் அதற்கே அடையாளம் தெரியாது.

எங்கள் லைனில் தேறியதற்குப் பச்சை ஸ்டிக்கர், தேறாததற்குச் சிவப்பு டேக். அந்தச் சிவப்பு டேக்கில் 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் எழுதினால் எங்கள் சூப்பர்வைசர் திருப்பி என் மேசைக்கே அனுப்பிவிடுவார். எந்த ரேஞ்சில் (எவ்வளவு வரை அளக்கும் நிலையில்) வைத்தாய், என்ன கொடுத்தாய், என்ன காட்டியது, என்ன காட்டியிருக்க வேண்டும். இந்த நான்கும் இல்லாத டேக் செல்லாது. பினாங்குச் சீனர், குரலை உயர்த்தவே மாட்டார். டேக்கைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

கிள்ளான்காரர் கடிதத்தில் அந்த நான்கில் ஒன்றுதான் இருக்கிறது, என்ன காட்டியது என்பது. அதனால் அவர் மகனுக்காக மற்றதை நான் எழுதுகிறேன்.

ஒன்றும் மாட்டாதபோது எண்கள் ஓடுவது பழுதே இல்லை. சாதாரணக் கைமீட்டரில், அளக்கும் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ளுக்குள் 10 மெகா ஓம் தடை இருக்கும். முனைகள் சும்மா கிடக்கும்போது அந்தத் தடை வழியாக வோல்டேஜ் வடிந்து சைபரில் வந்து நிற்கும். நல்ல மேசை மீட்டர்கள் பலவற்றில் 10 வோல்ட்டும் அதற்குக் கீழும் உள்ள ரேஞ்சுகளில் அதே தடையை 10 ஜிகா ஓமுக்கு மேலே வைத்திருப்பார்கள். ஆயிரம் மடங்கு. அளக்கப்படும் பொருளிலிருந்து ஒரு துளியும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி. அதனால் முனைகள் சும்மா கிடந்தால் காற்றில் வருகிற எதையும் அது வோல்டேஜ் என்று படிக்கும். விசிறி ஓடினால் மாறும், பக்கத்தில் பாலியஸ்டர் சட்டை போட்ட ஆள் நடந்தால் மாறும். எங்கள் லைனில் புதிதாக வந்த பெண்கள் முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "அக்கா, மீட்டர் பைத்தியம் பிடிச்சு ஆடுது" என்பார்கள். சிவப்பு, கறுப்பு இரண்டு ஓட்டையையும் ஒரு துண்டுச் செம்புக் கம்பியால் இணைத்துவிடு என்பேன். அடுத்த நொடி சைபர். கடைசி ஓரிரு இலக்கங்கள் மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருக்கும். தம்பி முதலில் இதைச் செய்து பார்க்கட்டும். இதிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துபோகும் என்று நினைக்கிறேன்.

கரண்ட் சைபர் காட்டுவதற்குப் பியூஸ்தான் காரணமாக இருக்கும். அதற்கு என் சொந்த மீட்டர் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தது அதைவிட மோசம்.

போன வருடம் ஒரு ஞாயிறு காலை லோரோங் கூலிட் போயிருந்தேன். சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய பழைய சாமான் சந்தை, பினாங்குக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பழைய காசு, கைக்கடிகாரம், ஒற்றைக் கால் சப்பாத்து இவற்றுக்கு நடுவே, தார்பாய் மேல் ஒரு சாம்பல் பெட்டி. தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. ஆறரை இலக்க மேசை மீட்டர் (ஆறு இலக்கம் முழுதாக, முன்னால் உள்ள அரை இலக்கம் 0 அல்லது 1 மட்டும் காட்டும்). பிராண்டு பெயர் வேண்டாம், பாயான் லெப்பாஸில் வேலை பார்த்தவர்களுக்கு முகப்பைப் பார்த்தாலே போதும். திருப்பிப் பார்த்தேன். தொடர் எண் 'எம்.வை.' என்று ஆரம்பித்தது. மலேசியாவில் செய்தது. மேலே ஒட்டியிருந்த டேப்பில் பேனாவால் 'ரோசாக்' என்று எழுதியிருந்தது.

விற்றவர் மலாய்க்காரப் பையன். "ரோசாக் சிக்கிட் சாஜா, மக்சிக்," என்று சிரித்தான். கொஞ்சம்தான் பழுதாம். 180 கேட்டான், 110க்கு முடித்தேன். அவன் என்னை ஏமாற்றவில்லை. பழுது என்று எழுதி ஒட்டியே வைத்திருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் பிளக்கில் சொருகிவிடவில்லை. பழைய மீட்டர் வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் தவறு செய்வது இங்கேதான். ஆசையில் உடனே சொருகுவார்கள். நான் பெட்டியைக் காதருகே வைத்து மெல்லச் சாய்த்தேன். உள்ளே 'கிலுக்' என்று ஏதோ உருண்டது. பிறகு பின்பக்கம், மின்கம்பி சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஜன்னலைப் பார்த்தேன். அதில் 120 என்று இருந்தது.

இந்த வகை மீட்டர்களுக்கு எந்த நாட்டு மின்சாரம் என்று நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். 100, 120, 220, 240 என்று நான்கு. நம் நாட்டில் 2008 முதல் அதிகாரபூர்வ அளவு 230 வோல்ட், அதற்கு மேலே பத்து விழுக்காடு, கீழே ஆறு விழுக்காடு வரை போகலாம். ஆயர் ஈத்தாமில் என் வீட்டுச் சுவரில் பெரும்பாலும் 240க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 120இல் வைத்த மீட்டருக்கு அதைக் கொடுத்தால் டிரான்ஸ்பார்மர் தாங்காது, கண்டபடி கரண்டை இழுக்கும். யாரோ ஏற்கெனவே கொடுத்திருக்கிறார்கள். பியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். கண்ணாடி உள்பக்கம் முழுக்கக் கறுத்து, கண்ணாடிக்குப் பின்னால் ரசம் பூசினது போல் இருந்தது. கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி மட்டும் நடுவில் விட்டுப் போயிருந்தால் வயதாகிவிட்டது அல்லது மெல்ல அளவு மீறியது என்று எடுத்துக்கொள்ளலாம். கறுத்திருந்தால் ஒரே அடி. எவரோ அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த மீட்டரை ஜன்னலைப் பார்க்காமல் இங்கே சொருகி, ஒரு நொடியில் இருட்டாகி, 'ரோசாக்' என்று எழுதியிருக்க வேண்டும். பியூஸ் தன் வேலையைச் செய்திருந்தது.

ஜன்னலை 240க்குத் திருப்பினேன். பியூஸும் மாற வேண்டும். 120 வோல்ட்டுக்கு 250 மில்லி ஆம்பியர், 240க்கு 125 என்று முதுகிலேயே அச்சடித்திருக்கிறார்கள். வோல்டேஜ் இரண்டு மடங்கானால் கரண்ட் பாதியாகும் அல்லவா, அதனால். மெதுவாக உருகும் வகைதான் போட வேண்டும். வேகமாக உருகும் வகை, போட்ட கணத்து இழுப்பிலேயே போய்விடும்.

அதற்குப் பிறகும் நேராகச் சொருகவில்லை. சாமி மேடைக்கு மேல் எரிந்துகொண்டிருந்த பழைய 60 வாட் குண்டு பல்பைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். அதைச் சீரியஸில் போட்டு, அதன் வழியாக மீட்டருக்கு மின்சாரம் கொடுத்தேன். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், மீட்டர் பிழைத்துக்கொள்ளும். இங்கே பல்பு ஒரு தரம் மின்னி, மங்கி, செம்புக் கம்பி நிறத்துக்கு வந்து நின்றது. மீட்டரில் நீலப்பச்சை எழுத்துகள் எழுந்தன. மங்கலாகத்தான். இந்த வகைத் திரை எரிகிற ஒவ்வொரு மணி நேரமும் கொஞ்சம் கொஞ்சமாக ஒளியை இழக்கும். ஏதோ ஒரு தொழிற்சாலையில் இரவு பகலாக எரிந்திருக்கிறது, பாவம். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "சரிம்மா, எரியுது. எங்கே வைக்கப் போறே?" என்றாள்.

பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்த பிறகு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாக அணைந்து அணைந்து எரிந்தது. மின்சாரம் தயாராகும் பகுதியில் கோளாறு என்று இதை வைத்தே சொல்லலாம். பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் விட்டு, மூடியைக் கழற்றினேன். முதலில் கண்ணில் பட்டது, 'கிலுக்' என்று உருண்ட அந்த ஸ்க்ரூ. அடுத்து கண்ணில் பட்டதைத்தான் சொல்ல வந்தேன்.

இந்த மீட்டரில் கரண்ட் அளக்கும் பாதையில் இரண்டு பியூஸ். பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி 3 ஆம்பியர், உள்ளே பலகையின் மேல் 7 ஆம்பியர். உள்ளே இருந்த பியூஸ் மினுமினுவென்று இருந்தது. பீங்கான் மினுங்காதே என்று கிட்டப் போய்ப் பார்த்தால், சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாள். அழகாக மடித்து, பியூஸின் இரண்டு மூடிகளையும் சேர்த்துச் சுற்றி, தாளின் வெள்ளைப் பக்கம் உள்ளே போகும்படி வைத்திருந்தார்கள். கைத்தொழில் தெரிந்தவர் செய்தது. உள்ளே இருந்த பியூஸ் எப்போதோ போய்விட்டது. தாள் வழியாகக் கரண்ட் சரியாகவே ஓடும், மீட்டர் சரியாகவே காட்டும். அதுதான் பயங்கரம். வேலை செய்யாத மீட்டர் யாரையும் சுடாது.

கரண்ட் அளக்கும் ஓட்டைக்கும் பொது ஓட்டைக்கும் நடுவே உள்ளுக்குள் 0.1 ஓம் அளவுக்குத்தான் தடை இருக்கும், கிட்டத்தட்ட வெறும் கம்பி. நேற்று கரண்ட் அளந்துவிட்டுச் சிவப்பு லீடை (அளக்கும் கம்பியை) அதிலேயே விட்டுவிட்டு, இன்று வோல்ட் அளக்கலாம் என்று சுவர் மின்சாரத்தில் வைத்தால் அது நேரடி ஷார்ட். முப்பது வருடம் வேலை பார்த்தவர்களும் இந்தத் தவறைச் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். அந்த நொடியில் பீங்கான் குழலுக்குள் இருக்கும் மணல்தான் காப்பாற்றுகிறது. கம்பி உருகும்போது எழும் தீப்பொறியை மணல் விழுங்கிவிடும். கண்ணாடிப் பியூஸ் போட்டால் தீப்பொறி நீண்டு, குழலே வெடிக்கலாம். வெள்ளித் தாள் போட்டால் மீட்டரும் போகும், லீடைப் பிடித்த கையும் போகும்.

தம்பிக்குச் சொல்லுங்கள்: பியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதே, பீங்கானுக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கழற்றி, உன் மீட்டரையே ஓமில் வைத்து அதன் இரண்டு முனையையும் தொடு. ஓர் ஓமுக்குள் வந்தால் நல்லது. ஒன்றும் வரவில்லை என்றால் உன் 350 வெள்ளி மீட்டரின் வியாதி ஒரு பியூஸ். நான் இரண்டு பீங்கான் பியூஸ் 18 வெள்ளிக்கு வாங்கினேன்.

மின்சாரப் பகுதியில் கோளாறு எதிர்பார்த்த இடத்தில்தான் இருந்தது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 4.6 வந்தது. அதற்கு முன்னால் இருக்கும் பெரிய கெப்பாசிட்டரின் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகம்) மேல் கைமீட்டரை ஏ.சி.யில் வைத்தால் ஒன்றேகால் வோல்ட் ஆடியது. காய்ந்துபோன கெப்பாசிட்டர். வெப்பம் பத்து டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் பழைய கணக்கு. நம் ஊர் வெயிலில் தகரக் கூரைக்கடியில் கிடந்ததற்கு இது இவ்வளவு நாள் தாங்கியதே பெரிது. அதே கொள்ளளவு, அதே வோல்டேஜ் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி வகை. கோலாலம்பூரில் வேலை செய்யும் என் அண்ணன் மகன் புடு ஜாலான் பாசாரில் வாங்கி வந்து கொடுத்தான். விலை 4 வெள்ளி. பஸ் செலவை அவன் கேட்கவில்லை.

அப்புறம்தான் என்னை நான்கு வாரம் சாப்பிட்ட பழுது.

வோல்ட் சரியாக வந்தது. ஓமில் வைத்து லீடுகளை ஒன்றோடொன்று தொட்டால் 0.1, 0.2 என்று வர வேண்டும், லீடுக் கம்பியின் தடை அவ்வளவுதான். இது 3 காட்டியது. கொஞ்ச நேரம் கழித்து 47. மேசையைத் தட்டினால் 11. ரிலேதான் (மின்சாரத்தால் தானாகத் திறந்து மூடும் சுவிட்ச்) என்று முடிவு கட்டிவிட்டேன். ஏன் என்று கேட்டால், 1990களில் எங்கள் லைனில் ஒரு தரம் ரிலேயால் பெரிய தலைவலி வந்தது, அது மனதில் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ரிலேயின் பின்னால் அலைந்தேன். என்ன காட்டியது என்று மட்டும் பார்த்தேன், எந்த இடத்தில் தொட்டால் மாறுகிறது என்று பார்க்கவில்லை. அந்தச் சூப்பர்வைசர் இருந்திருந்தால் டேக்கைத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

மூன்றாவது ஞாயிறு, லீடை முன்பக்கத்திலிருந்து பின்பக்க ஓட்டைக்கு மாற்றிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இந்த மீட்டர்களுக்கு முன்னால் ஒரு ஜோடி ஓட்டைகள், பின்னால் ஒரு ஜோடி. எது வேண்டும் என்று முகப்பில் ஒரு பட்டனை அமுக்க வேண்டும். (தம்பி, இதையும் பார். பட்டன் உள்ளே அமுங்கி 'ரியர்' என்று திரையில் காட்டிக்கொண்டிருந்தால், முன்னால் நீ எதை மாட்டினாலும் மீட்டருக்குத் தெரியாது, எண்கள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். எத்தனையோ மீட்டர் இந்த ஒரு பட்டனால் பழுது என்று விற்கப்பட்டிருக்கும்.) அமுக்கினேன், 0.3. மறுபடி எடுத்தேன், 22. மறுபடி அமுக்கி எடுத்தேன், 6. முப்பது தரம் டக் டக் என்று அமுக்கினேன். 0.4இல் வந்து நின்றது. ரிலே பாவம், அதற்கு ஒன்றுமில்லை. வருடக்கணக்கில் யாரும் தொடாத பட்டனின் உள்தகடு கடற்காற்றில் படலம் பிடித்திருந்தது.

இங்கே நான் செய்த முட்டாள்தனத்தையும் எழுதிவிடுகிறேன். சந்தோஷத்தில் கான்டாக்ட் கிளீனர் டப்பாவை எடுத்துப் பட்டனுக்குள் தாராளமாக அடித்தேன். ஓம் அருமையாக வந்தது. வோல்ட் கெட்டுப்போனது. சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே 10 மெகா ஓம் தடை ஒன்றை மாட்டி, 100 மில்லிவோல்ட் ரேஞ்சில் வைத்தால், 0.3 மில்லிவோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது. மீட்டரின் உள்ளிருந்து கசியும் கரண்ட் 30 பைக்கோ ஆம்பியருக்குள் இருக்க வேண்டும் என்பதற்கான சோதனை இது. எனக்கு 6.1 வந்தது. அடித்த திரவத்தின் எண்ணெய்ப் பசை பலகையில் பரவி, பக்கத்து மின்பாதையிலிருந்து அளக்கும் முனைக்குக் கசிய விட்டிருந்தது. 10 ஜிகா ஓம் என்று பெருமையாகச் சொன்னேனே, அந்த இடத்தில் விரல் ரேகை பட்டாலே கசியும். லைனில் கையுறை போடாத பெண்களை நானே விரட்டியிருக்கிறேன். நான்காவது ஞாயிறு முழுக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், புது டூத்பிரஷ், மகளின் ஹேர்டிரையர். சூடில்லாத காற்றுதான். மறுநாள் காலை 0.2. அன்றைக்குத்தான் மூடியை மாட்டினேன்.

சரி, இப்போது அது காட்டுவது உண்மையா? முதலில், அவசரப்படக்கூடாது. ஒரு மணி நேரம் சூடாக விட வேண்டும். இவற்றை 23 டிகிரி அறையில் சரிபார்ப்பார்கள், அதிலிருந்து ஐந்து டிகிரி மேலே கீழே போனால் பரவாயில்லை. என் வீட்டுக் கூடத்தில் பகலில் 31. அதனால் ஏர்கான் இருக்கும் மகளின் அறையில் இரவில் வைத்துப் பார்த்தேன் (அவள் மறுபடி, "எங்கே வைக்கப் போறே?"). 0.1 விழுக்காட்டுத் தடைகள் மூன்று என்னிடம் இருக்கின்றன. 1,000 ஓமுக்கு 999.8, 10,000 ஓமுக்கு 10,002, ஒரு லட்சத்துக்கு 99,990 ஓம். தடைகளின் பிழைக்குள்ளேயே இருக்கிறது. இதற்கு மேல் துல்லியம் வேண்டும் என்றால் ஸ்கிம் அக்ரெடிட்டாசி மக்மல் மலேசியா என்ற ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டத்தில் அங்கீகாரம் பெற்ற கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கூடங்களின் அளவுகள் சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகம் வரை சங்கிலியாகப் போகும். படிக்கிற பையனுக்கு அது தேவையே இல்லை. ஆனால் மெனுவில் 'கேல்' என்று இருக்கும், சரிபார்த்த எண்களை மாற்றும் பகுதிக்குள் விளையாட்டுக்காகக்கூடப் போகாதே என்று சொல்லிவையுங்கள். இன்னும் பழைய சில மீட்டர்களில் சரிபார்த்த எண்களை 3 வோல்ட் லித்தியம் பேட்டரி ஒன்று நினைவில் பிடித்து வைத்திருக்கும். பேட்டரி பழசாக இருக்கிறதே என்று பிடுங்கினால் மீட்டர் எல்லாவற்றையும் மறந்துவிடும். பிறகு அது உண்மையிலேயே வெறும் பெட்டிதான்.

கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கு மீட்டர் 110, கெப்பாசிட்டர் 4, பியூஸ் 18, ஆல்கஹால் 12, மொத்தம் 144 வெள்ளி. அதோடு நான்கு ஞாயிற்றுக்கிழமை. அவர் அந்த நான்கு நாளுக்குக் கூலி கேட்டால் கிள்ளான் தகப்பனார் கொடுப்பாரா? கொடுக்க மாட்டார். புதுசு வாங்குங்கள் என்பது அவர் தொழிலுக்குச் சரியான பதில். நமக்குச் சரியான பதில் அதுவல்ல. பொலிடெக்னிக் பையனிடம் இருப்பது நான்கு ஞாயிற்றுக்கிழமை, இல்லாதது காசு.

குப்பை விஷயம் ஒன்று. 2005ஆம் ஆண்டு விதிகளில் மின், மின்னணுச் சாதனக் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 110 என்று தனி எண்ணே கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக் குப்பையோடு போடுகிற சாமான் இல்லை. உண்மையிலேயே முடியாது என்றால் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுக்கலாம். அதற்கு முன் எனக்குக் கொடுங்கள், பஸ் கட்டணம் நான் தருகிறேன்.

ஆசிரியரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் இந்த மாதிரிப் பெட்டிகளைக் கையால் கோத்து, அளந்து, உலகம் முழுக்க அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் வாசகர்களிலேயே பலர் இருப்பார்கள். 'செத்த மீட்டர்' என்று தலைப்புப் போடும் முன் அவர்களில் ஒருத்தியைக் கேட்டிருக்கலாம். என் மீட்டரின் தொடர் எண்ணை வைத்துப் பார்த்தால் நான் லைனில் இருந்த காலத்து மீட்டர்தான். என் கையில் பச்சை ஸ்டிக்கர் வாங்கிப் போனதா, தெரியாது. போயிருந்தால், அன்றைக்குப் பியூஸில் வெள்ளித் தாள் இல்லை, அது மட்டும் நிச்சயம்.

தம்பி அந்தச் செம்புக் கம்பிச் சோதனையைச் செய்துவிட்டு என்ன காட்டியது என்று உங்கள் பகுதிக்கே எழுதட்டும். ரேஞ்ச், கொடுத்தது, காட்டியது, காட்ட வேண்டியது, நான்கும் இருக்க வேண்டும். பெட்டியைத் திறப்பதாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒவ்வொரு படியிலும் ஹேண்ட்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். என் மீட்டருக்குள் உருண்ட அந்த ஸ்க்ரூவை மைலோ டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். மீட்டரில் உள்ள எல்லா ஓட்டையிலும் ஸ்க்ரூ இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன். அது எங்கிருந்து வந்தது என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டெஸ்ட் லைன் ஊழியர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு.